களமா, ஆவணமா, மேடையா? நிகழ்த்துகலை பிஎச்.டி.க்குப் போகும் மலைப் பிள்ளைகளுக்கு

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து நிகழ்த்துகலை ஆய்வுக்குப் போகிறவர்கள் புதுவையில் சேர்ந்தாலும் டெல்லி ஜே.என்.யு.வில் சேர்ந்தாலும் கோர்ஸ்வொர்க்கிலிருந்து, அதாவது தொடக்கத்தில் படித்து முடிக்க வேண்டிய வகுப்புத் தாள்களிலிருந்து, தப்ப முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைத் தாளும் அதற்குள் அடக்கம். மிச்சத் தாள்களில் ஆவணம், களம், மேடை என்ற மூன்றில் எந்தப் பக்கம் சாய்வது என்பதுதான் கேள்வி.

ஆவண ஆய்வு, பார்க்கச் சுலபம். மொழியியலாளர் எமனோ 1930களிலேயே நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்தார். ஒரு தொடர் வந்தால் அதன் இணைத்தொடரும் கூடவே வரும் என்ற பாட்டின் கட்டு, தாளில் பளிச்சென்று தெரியும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம் தெரியாது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருப்பது கூடுதல் வசதி.

என் ஓட்டு களப்பணிக்கு. அதிலும் இரண்டு போக்கு உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெக்னரின் வழி, சடங்கையும் நாடகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கான்குவர்குட்டின் வழி, அந்த மக்களோடு கூடவே இறங்கிச் செய்வது. 1985இல் தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் மோங் அகதிகளோடு சேர்ந்து சுகாதார நாடகம் போட்டவர் அவர். நம் ஊருக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர்கள் சாமி மெட்டு, சாவு மெட்டு, ஆட்ட மெட்டு என்று கோல் என்ற ஊதுகுழலின் இசையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரெக்கார்டரை நீட்டி, சாவு எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் ஒரு நாளில் "அந்தச் சாவு மெட்டைக் கொஞ்சம் வாசிங்கண்ணா" என்று கேட்கிறவர் முதல் நாளிலேயே வெளியாள் ஆகிவிடுவார். களமுறைத் தாளை ஒப்புக்குப் படிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆனால் காலண்டர் இடிக்கும். கோத்தர் திருவிழாவும் பேரகணியில் படகர்கள் எடுக்கும் ஹெத்தையம்மன் விழாவும் டிசம்பர், ஜனவரியை ஒட்டியே வரும். செமினாரும் அசைன்மென்ட்டும் கழுத்தைப் பிடிப்பதும் அப்போதுதான். நான்கு வருட ஆய்வென்றால் கைக்குக் கிடைப்பது நான்கே விழா. முதலாவது வகுப்பறையிலேயே போய்விடும்.

அப்புறம் படைப்புவழி ஆய்வு. ஒரு தயாரிப்பை மேடையேற்றி அதை ஒட்டி ஆய்வேடு எழுதுவது. நடிப்பில் ஏற்கெனவே கை பழகியவருக்குச் சரி. மற்றவர்கள் இதில் இறங்கினால், ஊட்டி கோடை விழா மேடைக்காகச் சுருக்கிய ஆட்டம் மாதிரிதான் வந்து நிற்கும். அந்தச் சுருக்கல் எப்படி நடக்கிறது என்பதையே களத்தில் ஆராயலாம், அருமையான தலைப்பு.

சேரும் முன்பே வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: மார்கழியில் ஊருக்குப் போகும் நாட்களைக் களப்பணி வருகையாகப் பதிவார்களா, லீவாகக் கழிப்பார்களா?