கெதுபா வாங்கிய கதை: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்

யூதக் கல்யாணத்தில் கெதுபா என்று ஒரு பத்திரம் உண்டு. சாட்சிகள் கையெழுத்துப் போட்டதும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். என் மகள் யாழினி மாசசூசெட்ஸில் மிரியத்தைக் கைப்பிடித்தபோது, கெதுபா செலவு என்னுடையது என்று நானே வாயைக் கொடுத்தேன். கெதுபா மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையில் 310 டாலர் ஆனது. கடையின் பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்.

ஓவியம் நன்றாகவே இருந்தது. மாதுளை மரம், தங்க நிறக் கோடுகள், கெட்டியான பருத்திக் காகிதம். திரையில் பார்த்ததைவிட நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

சிக்கல் வாசகத்தில். யூத மதப் பிரிவுகளான ஆர்த்தடாக்ஸ் (பழமை மாறாதவர்கள்), கன்சர்வேடிவ் (நடுவில் நிற்பவர்கள்), ரெஃபார்ம் (சீர்திருத்தக்காரர்கள்), அப்புறம் கலப்பு மதம், ஒருபாலினம் என்று ஒரு பட்டியல் வருகிறது. ஒன்றைத்தான் அழுத்த முடியும். எங்கள் வீட்டில் இரண்டு மணப்பெண்கள், அதில் ஒருத்தி யூதரல்ல. எதை அழுத்துவது? கேட்டு எழுதினால், ஏதாவது ஒன்றை அழுத்திவிட்டு மிச்சத்தைக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள் என்று பதில் வந்தது.

இதைக் கல்யாணத்தை நடத்தி வைக்கவிருந்த ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "கடையை மட்டும் குறை சொல்லாதீர்கள், எங்கள் ஆட்களுக்கே இதில் பட்டியல் சரியாக வரவில்லை" என்றார். கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2006இல் இதை விவாதித்தபோது ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 25 பேர். ஒருபாலின உறவை ஏற்கலாம் என்ற தீர்ப்புக்கு 13, கூடாது என்ற தீர்ப்புக்கும் 13. இரண்டும் செல்லும்! கூட்டிப் பாருங்கள், குறைந்தது ஒருவராவது இரண்டுக்கும் கை தூக்கியிருக்க வேண்டும். ஏற்கலாம் என்றவர்கள் பிடித்துக்கொண்டது யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் உள்ள ஒரு வரியை: மனித கண்ணியம் பெரிது, தோரா என்கிற வேதத்தின் ஒரு தடையைக்கூட அது ஒதுக்கிவைக்கும். மற்றவர்கள் ஆணோடு ஆண் உறவைத் தடுக்கும் தோரா வசனமான லேவியராகமம் 18:22ஐ விட்டு நகரவில்லை. அப்புறம் 2012இல் அதே குழு ஒருபாலினத் திருமணச் சடங்குகளுக்கும் சம்மதித்தது. ஆனால் மணமக்களில் ஒருவர் யூதரல்ல என்றால் கன்சர்வேடிவ் ரபி இன்றும் நடத்தி வைக்க முடியாது. ஆக, இருவரும் பெண்கள் என்பது அங்கே தடையில்லை. நான் பெற்ற பெண்தான் தடை! ரெஃபார்ம் பிரிவு அதை அந்தந்த ரபியின் முடிவுக்கு விடுகிறது. இந்த அம்மா சரி என்றார், பிழைத்தோம்.

பழைய வாசகம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அதில் மணமகன் மணமகளுக்கு 200 ஸூஸ் வெள்ளிக்காசு கடன்பட்டவன். இரண்டு மணப்பெண்களில் யார் யாருக்குக் கடன்? ரபி காட்டியது ப்ரித் அஹூவிம், அதாவது அன்பர்களின் உடன்படிக்கை. ரேச்சல் அட்லர் என்ற இறையியலாளர் உருவாக்கியது. தல்மூதின் திருமணச் சட்டத்தில் மனைவியை 'வாங்குகிறார்கள்', அதனால் அவர் அதை ஒதுக்கிவிட்டுக் கூட்டு வியாபாரச் சட்டத்தைக் கையில் எடுத்தார். பங்காளிகள் ஆளுக்கொரு பொருளைப் பையில் போட்டுச் சேர்ந்து தூக்கினால் கூட்டு உறுதி. யாழினி என் அப்பாவின் பேனாவைப் போட்டாள், மிரியம் தன் பாட்டியின் ஊசிப் பெட்டியை. கணக்கு வழக்கோடு பழகிய எனக்கு இந்தச் சடங்கு ரொம்பப் பிடித்தது. கடையின் பட்டியலில் இந்த வாசகமே இல்லை. நாங்கள் அனுப்பியதை அச்சிட 45 டாலர் தனியாக வாங்கினார்கள்.

அப்புறம் மாதிரிப் படி வந்தது. ஹீப்ருவில் ழ கிடையாது, அது தெரிந்ததுதான். ஆங்கிலத்தில் யாழினியை எழுதும் விதத்தைப் பார்த்து, z ஒலிக்கான ஸாயின் எழுத்தைப் போட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் இழுத்திருந்தார்கள். மிரியம் வாசித்தபோது யாஜினிக்கும் யாஷினிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. ல ஒலிக்கான லாமெத் போடச் சொன்னேன், யாலினி ஆனாள். பரவாயில்லை, இங்கே நம் பிள்ளைகளே அப்படித்தான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய தப்பு ஐந்தாம் வரியில். யாரோ பழைய அச்சிலிருந்து எடுத்து ஒட்டியதில் 'ஹதான்', அதாவது மாப்பிள்ளை, ஓர் இடத்தில் அப்படியே தங்கிவிட்டார். ரபி கண்டுபிடித்தார், நானாக இருந்தால் பத்து முறை பார்த்தும் விட்டிருப்பேன். இரண்டு பிழையையும் ஒரே நாளில், காசு கேட்காமல் திருத்திக் கொடுத்தார்கள். ஹீப்ரு தெரிந்த ஒருவர் பார்க்காமல் அச்சுக்குச் சம்மதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கல்யாணம் நவம்பர் ஞாயிறு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மிரியத்தின் பெரியப்பா ஆர்த்தடாக்ஸ். பந்தலுக்குள் வரமாட்டேன், சாட்சிக் கையெழுத்தும் போடமாட்டேன், பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. சீக்கிரமே வந்தவர், மேசையில் விரித்திருந்த கெதுபாவைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அந்த அறையில் அவ்வளவு சரளமாக வாசிக்கக்கூடியவர் ரபியை விட்டால் அவர் ஒருவர்தான். படக்காரர் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "யூத நாள் சூரியன் அடைந்ததும் மாறிவிடும். இதில் இன்றைய தேதி போட்டிருக்கிறது. இன்னும் பத்து நிமிடம்தான், போடுங்கள் கையெழுத்தை" என்று ஒரு அதட்டல்.

எல்லோரும் பேனாவைப் பிடுங்கினோம். அந்த அவசரத்தில் மிரியத்தின் கையெழுத்து மேல் யாருடைய சட்டைக் கையோ பட்டு மை இழுசிவிட்டது. அது கடையின் குற்றமில்லை.