18 சதவீதமா, நூற்றில் ஒருவரா?

பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் சொன்னது. இதை இரண்டு விதமாக எழுதலாம்.

'18 சதவீதம் அதிகம்' என்று மட்டும் போட்டால், நூறு பேரில் 18 பேருக்கு வந்துவிடும் என்றே பலர் பயந்துபோவார்கள். சரி, எதைவிட 18 சதவீதம்? வாழ்நாளில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இந்நோய் வரும் இடத்தில், அது ஏழாகும். இப்படி எழுதும் செய்தியைத்தான் நான் நம்புவேன். அடிப்படை எண்ணை விட்டுவிட்டால் அது பாதிச் செய்திதான்.

அப்புறம், 'புகையிலைக்கு நிகரான ஆபத்து' என்றும் தலைப்புகள் வந்தன. அது தவறு. பதப்படுத்திய இறைச்சியையும் புகையிலையையும் அந்த முகமை ஒரே பிரிவில் வைத்தது, இரண்டும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருப்பதால்தான். ஆபத்தின் அளவு அதில் கணக்கில்லை.