87-ஆம் சீட்டு

இந்த மே மாதம் பாம்பன் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அவருக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அது தடைக்காலம்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மாத்திரையையே மறந்து திரிகிற ஆட்களெல்லாம் அன்று ஓ.பி. வரிசையில் நின்றார்கள். அப்பாவின் சீட்டு 87.

நர்ஸ் விரலில் குத்திச் சுகர் பார்த்தார், பிரஷரை நோட்டில் எழுதினார். உள்ளே டாக்டரம்மா ஒருவர்தான்.

"ஐயா, கருவாட்டைக் குறைச்சீங்களா?"

"குறைச்சாச்சும்மா." பச்சைப் பொய்.

போன மாத நோட்டையும் புரட்டினார். இரண்டு தடவையும் பிரஷர் 150-க்கு மேல். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5-ஐ 10 ஆக்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த சீட்டைக் கூப்பிட்டாயிற்று.

எனக்குச் சுள்ளென்று வந்தது. லண்டனில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் 10 நிமிடம் கிடைக்கும். சுகர்காரர்களுக்கு வருடம் ஒரு முறை நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்திய வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. அப்பாவோ சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர். இப்போது சிப்பி குத்தினால்கூட அவருக்குத் தெரிவதில்லை.

அப்புறம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்று வந்திருந்த 120 பேருக்குத் தலைக்கு 10 நிமிடம் என்றால் 20 மணி நேரம்! அமெரிக்காவில் 2022-இல் வந்த ஆய்வு ஒன்று, 2,500 பேரைக் கவனிக்கும் டாக்டர் எல்லா வழிகாட்டுதலையும் கடைப்பிடிக்க ஒரு நாளைக்கு 26.7 மணி நேரம் வேண்டும் என்று சொன்னது. வேலையை மற்றவர்களோடு பிரித்துக்கொண்டால் அது 9.3 ஆகிவிடுமாம். ஆக, கிடைத்த இரண்டு நிமிடத்தில் டாக்டரம்மா பிரஷரைப் பிடித்தது சரிதான். பக்கவாதம் வந்து விழுந்தால் கால் இருந்து என்ன? காலைப் பார்க்க அங்கே வேறு ஒருவரிடமும் சொல்லி வைக்கவில்லையே என்பதுதான் என் குறை.

இரண்டு நாள் கழித்து அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். பிரஷர் பார்த்து முடித்ததும், "அக்கா, அப்படியே காலையும் ஒரு பார்வை பாருங்களேன்" என்றேன். திண்ணையில் குனிந்து அப்பாவின் பாதத்தைத் திருப்பினார். குதிகால் வெடிப்பில் ஒரு சிப்பித் துண்டு, சுற்றிலும் சிவந்திருந்தது.

"வலிக்கலையா அண்ணே?"

"என்னது வலிக்கணும்?" என்றார் அப்பா.

மறுநாளே மறுபடி சீட்டு வாங்கினோம். இந்தத் தடவை 41.