கேபர்நே சாவினியோனா, பினோ நுவாரா?

இரண்டும் சிவப்பு ஒயின் செய்யும் திராட்சை வகைகள். கையில் பணம் குறைவென்றால் அதிகம் யோசிக்க வேண்டாம், கேபர்நே எடுங்கள். மலிவு விலையில் பினோ ஏமாற்றும் அளவுக்குக் கேபர்நே ஏமாற்றாது. காரணம் பழத்தின் தோலில் இருக்கிறது.

கேபர்நேயின் பழம் சிறியது, தோல் தடிப்பானது. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே பெருமளவு இறங்குவதால் ஒயின் கருஞ்சிவப்பாகவும் கனமாகவும் வரும். பிரான்ஸின் போர்தோ, சிலி, ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா என எங்கு நட்டாலும் தன் குணத்தை அவ்வளவு எளிதில் விடாது. பினோ நுவார் அப்படியல்ல. தோல் மெல்லியது, குலை நெருக்கமானது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் அழுகும், வெயில் கூடினால் வாசனை போய் ஜாம் போலத் தித்திக்கும். விளைச்சலைக் குறைத்தால்தான் சுவை திரளும் என்பதால் நல்ல பினோ மலிவாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் நன்றாக விளைந்த பினோவில் செர்ரியும் ராஸ்பெர்ரியும், வயதானபின் காளானும் ஈரமண்ணும் மணக்கும். அந்த நுட்பத்துக்குக் கேபர்நேயில் ஈடில்லை. பணம் இருந்தால் நாம் பினோ பக்கம்தான்.

லேபிளில் கவனம் தேவை. பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் பாட்டிலில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. அங்கே சிவப்பு என்றால் அநேகமாகப் பினோ. போர்தோ பாட்டிலில் மெடோக் என்ற இடப்பெயர் இருந்தால் கேபர்நே தூக்கலாக இருக்கும். பொமெரோல், சேன்ட் எமிலியோன் என்றால் மெர்லோ என்ற வேறு திராட்சைதான் கூடுதல். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் பாட்டிலையும், கார்க் மேலே தள்ளியிருப்பதையும் வாங்காதீர்கள். பின்னது சூடு பட்டதன் அடையாளமாக இருக்கலாம். திருகு மூடி தரக்குறைவின் அடையாளம் அல்ல.

பரிமாறும்போது அதிகம் கெடுவது வெப்பநிலையால். கேபர்நேக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், பினோவுக்கு 13 முதல் 15. அதிகம் குளிர்ந்தால் கேபர்நேயின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். 20 தாண்டினால் இரண்டிலும் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். வெப்பமான அறையில் இருந்த பாட்டிலை ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் கழுத்துவரை அமிழ்த்துங்கள்: கேபர்நேக்குச் சுமார் 10 நிமிடம், பினோவுக்கு 15. வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும் என்பதால் குளிர நேரமாகும்.

இளம் கேபர்நேயை அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரமாவது காற்றாட விடலாம், துவர்ப்பு தணிந்ததுபோல் தோன்றும். பழைய பினோவை அப்படிச் செய்தால் வாசனை பறந்துவிடும். திறந்ததும் நேரே வயிறு பெருத்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். எதுவானாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் சுழற்ற இடமிருக்காது.

உணவில், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி கேபர்நேயின் துவர்ப்பைத் தணிக்கும். காளான், வாத்து, சால்மன் பினோவுக்கு. மிளகாய்க் காரம் கூடிய தட்டுக்குக் கேபர்நே வேண்டாம், எரிச்சலைத்தான் கூட்டும்.

மிஞ்சியதைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பினோவை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், கேபர்நே மூன்று நான்கு நாள் தாங்கும். திறந்தவுடனே நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது கார்க் கெடுதல். எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள்.