கிளிப் மாப்பா, ஸ்பின் மாப்பா: சேலத்துத் தண்ணீருக்கும் தரைக்கும் எது சரிப்படும்?

சேலத்தில் எந்தப் பாத்திரக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே நாலைந்து வகை மாப்பு சாய்ந்து நிற்கும். ஸ்குரு வைத்த பழைய இரும்புக் கிளிப் மாப்பு, படக்கென்று மூடும் பிளாஸ்டிக் கிளிப் மாப்பு, வாளியோடு வரும் ஸ்பின் மாப்பு, தட்டையான ஃபிளாட் மாப்பு, அப்புறம் ஸ்பாஞ்ச் மாப்பு. வாங்க வருபவர் தொட்டுப் பார்ப்பது துணியை, விற்பவர் சுற்றிக் காட்டுவது வாளியை. இரண்டையும் விட்டுவிட்டு, துணியும் கம்பும் சேருகிற அந்த ஒரு இடத்தைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. மாப்பு எத்தனை நாள் உழைக்கும், துணி காயுமா நாறுமா, துணி கிழிந்தால் வீட்டிலிருக்கும் பழைய துணியைப் போட்டுக்கொள்ளலாமா அல்லது அதே கம்பெனி ரீஃபில்லைத் தேடி அலையவேண்டுமா, எல்லாமே அந்தப் பிடியில்தான் முடிவாகிறது.

இது ரொம்பப் பழைய போட்டி. 1893-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டபிள்யூ. ஸ்டூவர்ட் என்பவர் ஒரு மாப்புக்குக் காப்புரிமை வாங்கினார். துணியைக் கவ்வும் பிடி, அதை நெம்புகோலால் இயக்கித் தண்ணீரைப் பிழியும் அமைப்பு, இதுதான் அவருடைய யோசனை. மூளையைக் கம்பின் முனையில் வைத்தவர் என்று சொல்லலாம். அதற்கு அறுபது வருடம் கழித்து, 1950களில், ஸ்பெயினில் விமானப் பொறியாளராக இருந்த மானுவல் ஹலோன் கொரோமினாஸ் பிழியும் வேலையை வாளிக்கு மாற்றி, மாப்பும் வாளியும் சேர்ந்த செட்டாக விற்க ஆரம்பித்தார். ஸ்பின் மாப்பு இந்த இரண்டாவது கட்சியின் பேரப்பிள்ளை. ஆக, கடை வாசலில் நிற்பவற்றில் பாதி பிடியை நம்புகிறவை, மீதி வாளியை நம்புகிறவை.

முதலில் ஸ்குரு கிளிப். இரண்டு தகடு, நடுவில் ஒரு போல்ட், வெளியே காது வைத்த விங் நட்டு. துணியை நடுவில் வைத்து நட்டைத் திருகினால் தகடு இறுகுகிறது, அவ்வளவுதான். பார்க்க ஏழையாக இருந்தாலும் இதில் ஒரு விஷயம் வேறு எதிலும் கிடையாது: எவ்வளவு தடிமன் துணி வைத்தாலும் அந்தத் தடிமனுக்கு ஏற்றபடி இறுகும். பழைய வேட்டியை ஒரே மடிப்பாக வைத்தாலும் சரி, டர்க்கி டவலை நாலாக மடித்து வைத்தாலும் சரி, பிடி பிடிதான். மரையும் நட்டும் உரசிக்கொள்ளும் உராய்வே பூட்டாக வேலை செய்வதால் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை, தளர்ந்துபோக எதுவும் இல்லை. குறைகளும் உண்டு. துருப் பிடிக்கும். ஈரக் கையால் நட்டைத் திருகுவது எரிச்சலான வேலை. துணி மெலிந்துவிட்டால் தகட்டின் ஓரம் டைல்ஸில் கோடு போடும், போல்ட்டின் நீட்டிய முனை கட்டில் காலிலும் பீரோ காலிலும் இடித்துக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் கிளிப் வேறு மாதிரி. டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கொண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: அழுத்தும்போது ஒரு கட்டம் வரை எதிர்க்கும், அந்தக் கட்டம் தாண்டியதும் தானாகவே போய் உட்கார்ந்துவிடும், பிறகு வெளியிலிருந்து இழுத்தால் இன்னும் இறுகுமே தவிர திறக்காது. நல்ல பிளாஸ்டிக் கிளிப் இந்தத் தத்துவத்தில்தான் பூட்டுகிறது. இரண்டு விநாடியில் துணி மாற்றலாம், கை வலிக்காது. ஆனால் அச்சில் வார்க்கும்போதே எந்தத் தடிமனுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். கூட வந்த ரீஃபில்லைப் பிடிக்கும் அளவுக்கு நம் வீட்டுப் பழைய லுங்கியைப் பிடிக்காது, இழுக்க இழுக்க ஒரு பக்கமாக நழுவி வரும். இன்னொன்று, அழுத்தத்திலேயே வைத்திருக்கும் பிளாஸ்டிக் மெதுவாகத் தன் விறைப்பை இழக்கும். தினமும் துடைத்தால்தான் கெடும் என்றில்லை, பூட்டியபடியே மூலையில் நிற்க வைத்தாலும் தளரும். அதனால் வேலை முடிந்ததும் கிளிப்பைத் திறந்து துணியை எடுத்துவிடுவது துணிக்கும் நல்லது, கிளிப்புக்கும் நல்லது. கிளிப்பின் உள்பக்கம் பல் இருக்கிறதா என்று பாருங்கள். பல் இல்லாமல் வழவழவென்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஸ்பின் மாப்புக்கு வருவோம், ஏனென்றால் இப்போது பாதி வீடுகளில் அதுதான் ராஜா. வட்டத் தட்டு, அதில் பொருந்தும் ஒரு வளையம், வளையத்தில் தைத்த மைக்ரோஃபைபர் நூல்கள். கம்பை மேலிருந்து அழுத்தினால் உள்ளே இருக்கும் முறுக்குத் தண்டு கூடையைச் சுற்றவைக்கும், சில மாடல்களில் காலால் மிதிக்கவேண்டும். ஓட்டைக் கூடை வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் வெளியே தெறித்து வாளியில் விழுகிறது. நியாயமாகச் சொன்னால், கையால் எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் இந்த அளவு ஈரம் போகாது. கை அழுக்குத் தண்ணீரில் படவேண்டியதில்லை, குனியவேண்டியதில்லை, விட்ரிஃபைட் டைல்ஸ் நிமிடத்தில் காய்ந்துவிடும். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் புது அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது போதும், அவர்கள் மேற்கொண்டு படிக்காமலே கடைக்குப் போகலாம்.

மற்றவர்களுக்குத்தான் சிக்கல். வீடு வீடாகத் துடைக்கப் போகும் அக்கா ஒருவரிடம் எது வசதி என்று கேட்டேன். "மிதிக்கறதுக்கு ஒரு காலு, நிக்கறதுக்கு ஒரு காலு, வாளி நகராமப் புடிக்கறதுக்கு இன்னொரு காலு வேணும் கண்ணு, நான் எங்க போவேன்? எனக்குக் கிளிப்பே போதுங்க" என்றார். சிரித்துவிட்டு யோசித்தால் அவர் சொல்வது சரி. லேசான வாளி, வேகமாகச் சுற்றும் கூடை, வழுக்கும் தரை, இந்த மூன்றும் சேர்ந்தால் வாளி நடனமாடும். தண்ணீர் நிரம்பிய அந்த அகல வாளியை மாடிப்படியில் தூக்கிப் போவதும் அவர்தான், வாங்கிக் கொடுத்த நாம் இல்லை.

அடுத்தது நம்மூர் தண்ணீர். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைக் குடத்தில் பிடித்து வைப்போமே தவிர மாப்பு வாளியில் ஊற்றமாட்டோம். தரைக்குப் போவது போர் தண்ணீர். சுண்ணாம்பும் உப்பும் நிறைந்த அந்தத் தண்ணீர், எங்கெல்லாம் ஈரம் தங்கிக் காய்கிறதோ அங்கெல்லாம் வெள்ளையாகப் படியும். ஸ்பின் கூடையின் அடியில் அச்சு சுழலும் இடம் அப்படிப்பட்ட இடம். கம்புக்குள் இருக்கும் முறுக்குத் தண்டும் அப்படித்தான். முதலில் கரகரவென்று சத்தம், பிறகு அழுத்தினாலும் கூடை பாதிச் சுற்றோடு நிற்கும். ஸ்குரு கிளிப்பிலும் மரையில் படியும், ஆனால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு பழைய டூத் பிரஷ் போதும், ஸ்பின் மாப்பின் தண்டைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி வைத்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் அந்த வெள்ளை கரையும். அந்தத் தண்ணீரை மட்டும் மொசைக் தரையில் கொட்டிவிடாதீர்கள், மொசைக்கில் இருக்கும் மார்பிள் சில்லும் சுண்ணாம்பு வகைதான், அதுவும் சேர்ந்து அரிக்கும், பளபளப்பு போனது போனதுதான்.

தறி இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை என்று தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் பஞ்சுத் தூசியும் நூல் துண்டும் தரையெல்லாம் கிடக்கும், எவ்வளவு பெருக்கினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஃபிளாட் மாப்பில் துணியைப் பிடிப்பது பெரும்பாலும் வெல்க்ரோ. அதன் கொக்கிப் பக்கம் பஞ்சால் நிரம்பிவிட்டால் துணி ஒட்டாது, ஊசியை வைத்துக்கொண்டு பஞ்சை நோண்டும் வேலை வேறு வந்து சேரும். ஸ்பின் மாப்பில் நூல் துண்டுகள் மைக்ரோஃபைபரோடு சிக்கி, அங்கிருந்து கூடையின் அச்சில் சுற்றிக்கொள்ளும். கிளிப் மாப்புக்கு இந்த வம்பே இல்லை. சொல்லப்போனால் அங்கே துணி வாங்கவே வேண்டாம். மெக்கானிக் கடைகளில் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட் நூல் இருக்கிறதே, அதையே ஒரு கற்றையாகக் கிளிப்பில் இறுக்கலாம், ஸ்குரு கிளிப் அதையும் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தறியில் மிஞ்சிய பாவு நூலாக இருந்தால் அதில் கஞ்சி இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசாமல் மாட்டினால் தண்ணீரை உறிஞ்சாது, தரையும் பிசுபிசுக்கும்.

தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். செவ்வாய்ப்பேட்டை, அக்ரகாரம் பக்கப் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்ஸைடு தரைக்குப் பழைய பருத்தித் துணியைவிட நல்லது இல்லை, அதிலும் துடைத்த பின் எப்போதாவது தேங்காய் எண்ணெய் லேசாகத் தொட்டுத் தேய்க்கிறவர்கள் அதற்கென்று தனித் துணி வைத்திருப்பார்கள், கிளிப் மாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சொரசொரப்பான சிமென்ட் தரையில் மைக்ரோஃபைபர் நூல் பிய்ந்து பிய்ந்து வரும். மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் நைலான் வகையும் கலந்த மெல்லிய பிளவு இழை, வழவழப்பான தரையில் தூசியை இழுத்துப் பிடிப்பதில் பருத்தியைத் தோற்கடிக்கும், கரடுமுரடில் தோற்கும். அதைத் துவைக்கும்போது வாசனைக்காக ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் இழைமேல் படலம் படிந்து உறிஞ்சுவதையே நிறுத்திவிடும்.

ஏற்காட்டில் கணக்கே மாறுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் சுமார் 1,500 மீட்டர் உயரம், மழை மாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும், காலையில் துடைத்த துணி மாலைவரை சொதசொதவென்று இருக்கும். அங்கே மாப்பின் உண்மையான எதிரி அழுக்கு இல்லை, காயாத துணி. ஸ்பின் மாப்பு நன்றாகப் பிழிந்தாலும், நூல்கள் நெருக்கமாகத் தைத்த அந்த வளையமும் மேலே மூடிய தட்டும் சேர்ந்து நடுவில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும். வளையத்தைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டால் பிரச்சினை குறையும், ஆனால் காலால் மிதித்து இழுத்துக் கழற்றும் வேலையைத் தினமும் யாரும் செய்வதில்லை. கிளிப் மாப்பில் துணியை உருவி அடுப்பங்கரைக் கொடியில் மற்ற துணிபோல விரித்துப் போட்டால் முடிந்தது. மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு என் பரிந்துரை அழுத்தமாகக் கிளிப்தான், கூடவே ஒரு டஜன் துணி, அறைக்கு ஒன்று. இரும்புக் கிளிப் மட்டும் வேண்டாம், அந்த ஈரத்தில் துரு சீக்கிரம் ஏறி வெள்ளை டைல்ஸில் பழுப்புக் கோடு இழுக்கும்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ். உருக்காலை இருக்கும் ஊரில் ஆளாளுக்குக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது வழக்கம், காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிவிடுவோம். பாதிதான் சரி. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. அதைவிட மலிவான, சீக்கிரம் கறை பிடிக்கும் 202 ரகத்திலும் ஒட்டாது. மாறாக 430 ரகத்தில் ஒட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். அதனால் தகட்டை விட்டுவிட்டு போல்ட்டையும் நட்டையும் பாருங்கள். தகடு பளபளவென்று இருக்கும், போல்ட் மட்டும் முலாம் பூசிய சாதா இரும்பாக இருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பழைய போல்ட்டைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே மரை அளவில் எஸ்.எஸ். போல்ட்டும் விங் நட்டும் வாங்கி மாட்டிவிட்டால் கம்பு உடைகிறவரை அந்தக் கிளிப் ஓடும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். ஸ்பின் மாப்பில் ரீஃபில்லைத் தவிர மற்ற பாகங்களை இப்படித் தனியாக வாங்கி மாற்றுவது எளிதல்ல என்பதை யோசித்தால், அதன் விலையில் மூன்று கிளிப் மாப்பு வாங்கலாம் என்பது இன்னும் உறுத்தும்.

ஸ்பாஞ்ச் மாப்பைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்தால் பலகையாக இறுகிவிடும், நனைக்காமல் நெம்புகோலை இழுத்தால் நடுவில் விரிசல் விடும், நூல் துண்டும் முடியும் அதில் ஏறாது. தண்ணீர் கொட்டிய இடத்தை உறிஞ்ச நன்றாக இருக்கும், அதற்காக ஒரு மாப்பு வாங்கவேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

கிளிப்பைச் சோதிக்கக் கடையில் வெட்கப்படாதீர்கள். கைக்குட்டையை ஒற்றை மடிப்பாக வைத்துப் பூட்டி ஒரு ஓரத்தைப் பிடித்து இழுங்கள், நழுவினால் வேண்டாம். கம்பு இரண்டு மூன்று துண்டாக மரை போட்டுச் சேர்வதாக இருந்தால் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள், மூட்டில் ஆடினால் அதுவும் வேண்டாம். கம்பின் உயரம் நிமிர்ந்து நிற்கையில் மார்பைத் தாண்டி இருக்கவேண்டும், இல்லையென்றால் முதுகு விலை கொடுக்கும்.

வீட்டில் விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்கள்தான் துடைக்கிறார்கள் என்றால் நான் இவ்வளவு நேரம் பேசியதை ஓரமாக வைத்துவிட்டுக் காலால் மிதிக்காத, கம்பை அழுத்தும் வகை ஸ்பின் மாப்பே வாங்குங்கள். பில் போடும்போதே அதே கம்பெனி ரீஃபில் இரண்டு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், வளையத்தின் அளவு அடுத்த கம்பெனியோடு ஒத்துப்போகும் என்று நம்பி இருக்கவேண்டாம். வாளியில் ஊற்றும் தண்ணீரையாவது போர் தண்ணீராக இல்லாமல் காவிரிக் குழாய்த் தண்ணீராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.