சிம்பொனியில் இருக்கையா, ஊரில் சொந்தக் குழுவா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் மேலைத்தேய வயலின் படித்து, இசைக்குழுவை நெறிப்படுத்தவும் ஆசைப்படும் பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. கொழும்பில் 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழு போன்றதில் இரண்டாம் வயலின் வரிசைக்கு முயலலாம். ஊரிலேயே எட்டுப் பேரைச் சேர்த்தும் நடத்தலாம்.

முதலாவதில் காது தேறும். வில்லை வரிசையோடு ஒரே திசையில் இழுக்கவும், நெறியாளர் முதல் தட்டுக்கு முன் கையால் காட்டும் முன்னசைவோடு மூச்செடுக்கவும் பழகிவிடும். ரயில் பயணம்தான் பாடு.

இரண்டாவதில் கை தேறும். அதிகம் பிழைப்பது முன்னசைவில்தான்: அது வரப்போகும் வேகத்திலேயே அமையாவிட்டால் முதல் சுரமே சிதறும். மலை ஈரத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) ஊதி இறுகும், சுருதியும் நழுவும்; ஒத்திகைக்கு முன் ஏ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எங்கள் தெரிவு முதலாவதே. வரிசைக்குள் இருந்து வாசிக்காதவருக்கு, தன் அசைவு பின்வரிசையில் எப்படித் தெரிகிறது என்பது பிடிபடாது.