கல்லூரி வழியா, பள்ளியிலிருந்து நேரடியா? போஸியும் மவரும்

பேஸ்பாலில் கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் உச்ச லீக், போவதற்குப் பஸ்டர் போஸி போன வழி ஒன்று, ஜோ மவர் போனது வேறொன்று.

2005-ல் டிராஃப்ட்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களை எடுக்கும் முறை) ஏஞ்சல்ஸ் அணி 50-வது சுற்றில் கூப்பிட்டும் போஸி போகவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). இரண்டாம் ஆண்டில்தான் கேட்சர் கவசம் மாட்டினார். 2008-ல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் ஆடினார், பந்தும் வீசினார்! அந்த ஜூன் டிராஃப்ட்டில் ஜயன்ட்ஸ் அணி 5-வது ஆளாக எடுத்தது. 2009 செப்டம்பரில் மேஜர் லீக்.

மவருக்கும் அதே ஃப்ளோரிடா ஸ்டேட் காத்திருந்தது, ஆனால் அமெரிக்க ஃபுட்பால் ஆட. அதை உதறிவிட்டு, பள்ளியிலிருந்து நேரடியாக, 2001 டிராஃப்ட்டில் முதல் ஆளாக மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குப் போனார். 2004 ஏப்ரலில் மேஜர் லீகில் அறிமுகம். அதற்குக் கீழ்நிலையான மைனர் லீகிலேயே கிட்டத்தட்ட மூன்று வருடம் போனாலும் அப்போது அவருக்கு வயது 20தான். போஸி வந்தபோது 22.

என் ஓட்டு கல்லூரிக்கே. மூன்று முறை பேட்டிங் பட்டம் (லீகின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு) வென்ற மவரை வைத்து மற்ற பையன்களுக்குக் கணக்குப் போட முடியாது. போஸியைப் போல இடம் மாறிப் பார்க்க அவகாசம் தேவைப்படுபவர்கள்தான் அதிகம்.

அடிபடுவதில் மட்டும் வித்தியாசமில்லை: மவருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால், போஸிக்கு 2011-ல் ஹோம் பிளேட்டில் (ரன் எடுக்க ஓடிவருபவர் தொட வேண்டிய இடம்) நடந்த மோதலில் கால்.